மழையில் மலைப்பாதை: புது டிரைவரைத் தடுப்பதா, ரோட்டை மூடுவதா?

ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் தொப்பூரிலோ திம்பத்திலோ குன்னூர் ரோட்டிலோ ஒரு லாரி கவிழ்ந்து கிடக்கும் படம் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அதற்குக் கீழேயே "புதுப் பையனிடம் வண்டியைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்" என்று யாராவது எழுதியிருப்பார்கள். ஓட்டியவருக்கு 24 வயதா 54 வயதா என்று அந்த நேரத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் அந்தப் பேச்சிலிருந்துதான் ஒரு கோரிக்கை கிளம்புகிறது: மழை, பனிமூட்டம், புயல் என்று வானிலை கெட்ட நாட்களில் இத்தனை வருட அனுபவம் இல்லாதவர் காட் ரோட்டில், அதாவது மலைப்பாதையில், லாரி ஓட்டக்கூடாது என்று விதி போட வேண்டும்.

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. நான் சேலம் பக்கம் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன், வண்டியை அனுப்பி வைக்கும் பக்கம் உட்கார்ந்திருப்பவன். அதனால் இந்த விதி வந்தால் என்ன நடக்கும், வராவிட்டால் என்ன நடக்கும், இதற்குப் பதிலாக வேறு என்ன செய்யலாம் என்பதை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. என் கண்ணுக்கு நான்கு வழிகள் தெரிகின்றன. இப்போது இருப்பதைப் போலவே டிரைவரின் முடிவுக்கு விட்டுவிடுவது, அனுபவ வருடத்தை வைத்துத் தடுப்பது, வானிலை கெட்டால் எல்லோருக்கும் சேர்த்து ரோட்டை மூடுவது, மலைப்பாதைக்கு என்று தனியாகப் பயிற்சி கொடுத்து லைசென்ஸில் பதிவது.

முதலில் அனுபவம் என்பது ரோட்டில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் அது புரியாமல் மற்றதைப் பேச முடியாது.

தருமபுரியிலிருந்து சேலம் வரும்போது பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் தொப்பூர் இறக்கம் தொடங்குகிறது. பார்க்க நல்ல அகலமான நான்குவழிச் சாலை, கொண்டை ஊசி வளைவு எல்லாம் கிடையாது, அதுதான் ஏமாற்றும். முழு லோடோடு இருக்கும் வண்டியை விவரம் தெரிந்தவர் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே சின்ன கியருக்குக் கொண்டுவந்துவிடுவார், எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு இன்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும்படி விடுவார், கால் பிரேக்கை அவ்வப்போது ஒரு அழுத்து அழுத்தி விட்டுவிடுவார். தெரியாதவர் பெரிய கியரிலேயே இறங்கி, வேகம் ஏற ஏறக் காலைப் பிரேக்கிலேயே வைத்திருப்பார். டிரம் சூடேறி லைனர் கருகும் வாசனை வரும். அந்த வாசனை வந்தபிறகு அழுத்தினால் பிரேக் பிடிக்காது. அப்படி ஆகும் இடம் பெரும்பாலும் கீழே இரட்டைப் பாலம் பக்கத்தில், முன்னால் வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும் இடத்தில்.

மழை வந்தால் இந்தப் பாடமே கொஞ்சம் மாறுகிறது. காலி வண்டியிலோ பாதி லோடிலோ ஈர ரோட்டில், அதுவும் வளைவில் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டால் பின் சக்கரத்துக்குப் பிடிமானம் போய் வண்டியின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். காய்ந்த ரோட்டில் உயிரைக் காப்பாற்றுகிற அதே ஸ்விட்ச் ஈரத்தில் வண்டியைத் திருப்பிப் போடும். வெயில் காலம் முழுக்கத் தூசியும் எண்ணெயும் படிந்த ரோட்டில் முதல் மழை விழுந்த ஒரு மணி நேரம் எவ்வளவு வழுக்கும் என்பது, கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து எதிரே வரும் ஹெட்லைட் நட்சத்திரம் மாதிரி சிதறினால் என்ன செய்வது என்பது, இதெல்லாம் எட்டு போட்டுக் காட்டி வாங்கும் லைசென்ஸில் கிடைக்காது. பழைய டிரைவர்கள் மழைக்கு முன்னால் கண்ணாடியில் புகையிலையைத் தேய்த்து வைப்பார்கள், தண்ணீர் துளித்துளியாக நிற்காமல் வழிந்து ஓடும். 2025 அக்டோபருக்குப் பிறகு தயாராகும் லாரி கேபின்களில் ஏசி கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. பலர் அதை வெயிலுக்கான வசதி என்று மட்டும் நினைக்கிறார்கள், மழையில் கண்ணாடி ஆவி அடிக்காமல் இருக்க அதுதான் பெரிய உதவி.

ஆக, அனுபவம் உயிரைக் காக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டு இறக்குவது, சில பேர் இன்ஜினையே அணைத்துவிடுவது, இது யார் செய்கிற காரியம்? புதுப் பையன் பயத்தில் அதைச் செய்ய மாட்டான். டீசல் கணக்கு பார்த்துப் பழகியவர்கள், இந்த இறக்கத்தில் இத்தனை முறை இறங்கியிருக்கிறோம் ஒன்றும் ஆகவில்லை என்ற தைரியம் உள்ளவர்கள் செய்வது. இன்ஜின் அணைந்தால் ஏர் கம்ப்ரெஸர் நின்றுபோகும், டாங்கில் இருக்கிற காற்று தீரத் தீரப் பிரேக் போகும், பவர் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். தொப்பூரில் இதற்காகவே எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். 2024 ஜனவரியில் அங்கே நடந்த விபத்தின் சிசிடிவி காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். லாரிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி, ஒன்று பாலத்திலிருந்து கீழே விழுந்து, நடுவில் சிக்கிய கார் எரிந்தது. பட்டப்பகல் அது. வருடக்கணக்கு ஏற ஏற ஒருவர் பாதுகாப்பானவர் ஆகிக்கொண்டே போவார் என்று எடுத்துக்கொண்டால் தப்பான இடத்தில் போய் நிற்போம்.

சரி, முதல் வழிக்கு வருவோம். இப்போது இருக்கிற நிலைமை. 20 வயது ஆகியிருக்க வேண்டும், இலகுரக வாகன லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும், அதற்குமேல் பயிற்சி, டெஸ்ட், கனரக லைசென்ஸ். அது கையில் வந்துவிட்டால் மறுநாளே கொட்டும் மழையில் காட் ரோட்டில் ஏறலாம், தடுக்க யாரும் இல்லை. போவதா நிற்பதா என்ற முடிவு டிரைவருடையது என்று சொல்லிக்கொள்கிறோம். நடைமுறையில் அந்த முடிவு போனில் எடுக்கப்படுகிறது. திம்பம் மலையின் அடிவாரமான பண்ணாரியில் நிற்கும் டிரைவரோடு ஆபீஸிலிருந்து பேசுகிறார்கள், மாலை 6 மணிக்குமேல் அங்கே சரக்கு வண்டிகளை ஏற விடமாட்டார்கள்.

"எங்கப்பா இருக்கே?"

"பண்ணாரி வந்துட்டேண்ணே. மேல ஒரே மழை, திம்பத்துல மூட்டம் போட்டிருக்குன்னு இறங்கி வர்றவங்க சொல்றாங்க."

"ஆறு மணிக்கு கேட் போட்ருவாங்க தம்பி. இப்பவே ஏறிடு, மெதுவா போ. காலைல சரக்கு இறங்கலைன்னா பார்ட்டி என்னைத்தான் கேப்பான்."

இந்தப் பேச்சை எத்தனையோ ஆபீஸில் கேட்கலாம். "மெதுவா போ" என்று சொல்லிவிட்டதால் பொறுப்பு முடிந்துவிட்டது என்று போனை வைக்கிறவர் நினைக்கிறார். மறுமுனையில் இருப்பவருக்கு டிரிப் முடிந்தால்தான் படி, நின்றால் சாப்பாட்டுச் செலவு கைக்காசு. அவர் வேறு என்ன முடிவெடுப்பார்?

அமெரிக்காவில் இந்த "டிரைவர் முடிவு" என்பதைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே கூட்டரசின் வாகன விதி ஒன்று, பனி, மழை, மூடுபனி, புகை எதுவானாலும் பிடிமானமோ பார்வையோ குறைந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், ஆபத்து என்ற அளவுக்குப் போனால் வண்டியை நிறுத்திவிட வேண்டும், பாதுகாப்பாக ஓட்ட முடியும் என்று ஆகும்வரை எடுக்கக்கூடாது என்கிறது. அதில் அனுபவ வருடம் பற்றிப் பேச்சே இல்லை, எல்லோருக்கும் ஒரே விதி. அதைவிட முக்கியம், பாதுகாப்புக் காரணத்துக்காக ஓட்ட மறுத்த டிரைவரை வேலையை விட்டு நீக்கினால் அவர் முறையிட்டு நிவாரணம் கேட்கத் தனிச் சட்டமும் இருக்கிறது. அந்த இரண்டாவது பாதி இருந்தால்தான் முதல் பாதிக்கு உயிர். நம் ஊரில் ஒருவர் "ஏற மாட்டேன்" என்றால் சண்டை எதுவும் நடக்காது, அடுத்த லோடு சத்தமில்லாமல் வேறொருவருக்குப் போகும், அவ்வளவுதான். அதனால் முதல் வழியை அப்படியே வைத்துக்கொள்வது என்றால் என் மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது வழி, அனுபவத்தை வைத்துத் தடுப்பது. இதற்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வலுவான உதாரணம் விமானத்துறை. அமெரிக்காவில் ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தில் கேப்டனாக 100 மணி நேரம் முடிக்காதவர், மற்ற கேப்டன்கள் இறங்கக்கூடிய மோசமான பார்வைத் தூரத்தில் இறங்க முடியாது. அவருக்கு மட்டும் குறைந்தபட்ச உயரத்தில் 100 அடியும் பார்வைத் தூரத்தில் அரை மைலும் கூட்டிவிடுவார்கள். மங்களூரு, கோழிக்கோடு போன்ற, மேட்டின் உச்சியில் அமைந்த ஓடுபாதைகளில் துணை விமானி இறக்கக்கூடாது, கேப்டன்தான் இறக்க வேண்டும் என்று இங்கேயும் கட்டுப்பாடு இருக்கிறது. வானத்தில் செய்வதை ரோட்டில் ஏன் செய்யக்கூடாது என்று கேட்டால் அது நல்ல கேள்வி.

அங்கே அது நடப்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன, மூன்றும் நம்மிடம் கிடையாது. ஒன்று, விமானி எந்த விமானத்தில் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று பதிவேடு இருக்கிறது, அதை யாரும் சும்மா எழுதிவிட முடியாது. இரண்டு, பக்கத்து சீட்டில் இன்னொருவர் உட்கார்ந்து கற்றுக்கொண்டே வருகிறார். மூன்று, வானிலை சரியில்லை என்று வேறு ஊரில் இறக்கினால் விமானியின் வீட்டில் அன்றைக்கு அடுப்பெரியாமல் போகாது.

லாரிக்கு வாருங்கள். லைசென்ஸில் இருப்பது அது கொடுக்கப்பட்ட தேதி மட்டும். 12 வருடத்துக்கு முன்னால் கனரக லைசென்ஸ் வாங்கிவிட்டு ஈரோட்டுச் சமவெளியில் பள்ளிப் பேருந்து ஓட்டியவர் விதிப்படி அனுபவசாலி. இரண்டு வருடமாக வால்பாறையில் 40 கொண்டை ஊசி வளைவிலும் ஏறி இறங்கித் தேயிலை லோடு அடித்தவர் விதிப்படி புதியவர். ஜூன் மாத மழையில் இந்த இருவரில் யார் ஓட்டும் வண்டிக்குப் பின்னால் நீங்கள் காரில் போக விரும்புவீர்கள்? "அப்படியானால் முதலாளியிடம் அனுபவச் சான்று வாங்கச் சொல்லலாம்" என்பார்கள். லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும் இல்லாத டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் எது?

அனுபவத்தை வேறு அடையாளத்தால் அளக்க நினைத்து ஏற்கெனவே ஓரிடத்தில் செய்து பார்க்கிறார்கள், கல்லட்டியில். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் அந்தப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு, இறக்கமும் மிகச் செங்குத்து. வெளியூர் வண்டிகள் பள்ளத்தில் விழுந்து உயிர்கள் போனபிறகு, நீலகிரியின் டிஎன் 43 பதிவு உள்ள வண்டிகள் மட்டுமே அந்த வழியாக இறங்கலாம் என்று ஆக்கினார்கள். உள்ளூர்க்காரருக்குப் பாதை தெரியும் என்ற கணக்கு அது. சுற்றுலா கார்களைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு பெரும்பாலும் சரிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் லாரி உலகத்தில் நம்பர் பிளேட்டுக்கும் ஸ்டியரிங் பிடிப்பவருக்கும் சம்பந்தம் இருக்காது. நாமக்கல் பதிவு வண்டியைத் தேனிக்காரர் ஓட்டுவார், அவர் அதற்கு முன் பல வருடம் கூடலூரில் இருந்திருப்பார். நம்பர் பிளேட்டை வைத்து இதை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்துவது கற்றுக்கொள்ளும் விஷயம். முதல் மூன்று வருடம் மழையில் மலை ஏறக்கூடாது என்று ஒருவரைத் தடுத்தால், நான்காவது வருடம் முதல் மழையில் அவர் புதியவராகத்தான் ஏறுவார், அதுவும் தனியாக. முன்னாலெல்லாம் கிளீனராகச் சேர்ந்து, கட்டை போட்டு, தார்ப்பாய் கட்டி, ராத்திரி டிரைவர் தூங்கிவிடாமல் பேச்சுக் கொடுத்து, காலி வண்டியைப் பேட்டைக்குள் நகர்த்திப் பழகி, அப்புறம்தான் ஸ்டியரிங் கைக்கு வரும். அந்தக் கிளீனர் சீட்டில் உட்கார்ந்தே அவர் பல மழைகளைப் பார்த்திருப்பார், எந்த வளைவில் குரு எந்த கியருக்கு மாற்றினார் என்பது காதிலேயே பதிந்திருக்கும். இப்போது பெரும்பாலான வண்டிகளில் கிளீனரே கிடையாது, வாடகை கட்டுபடியாகவில்லை என்று ஒற்றை டிரைவராக ஓடுகிறார்கள். நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்றிருந்த விதியையும் 2018-ல் எடுத்துவிட்டார்கள். அனுபவம் உருவாகிற இடத்தை நாமே காலி செய்துவிட்டு, அனுபவம் இல்லாதவரைத் தடுக்க வேண்டும் என்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கூலி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நீலகிரி, வால்பாறைப் பக்கம் தென்மேற்கு மழை ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, அது முடிந்தால் டிசம்பர் வரை வடகிழக்கு, அதற்குப் பிறகு ஜனவரியில் மூடுபனி. வருடத்தில் பாதிக்கு மேல் "வானிலை சரியில்லை" என்ற பட்டியலில் வந்துவிடும். அத்தனை மாதம் ஓட்டத் தடை உள்ள ஒருவரை எந்த முதலாளி வேலைக்கு வைப்பார்? ஏற்கெனவே டிரைவர் கிடைக்காமல் வண்டிகள் ஷெட்டில் நிற்கின்றன, டிரைவரின் மகன் டிரைவராக வருவது குறைந்துவிட்டது.

மூன்றாவது வழி, ஓட்டுபவர் யார் என்று பார்க்காமல் ரோட்டின் நிலையைப் பார்த்து மூடுவது. இதற்குச் சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 115-வது பிரிவு, பொதுமக்கள் பாதுகாப்புக்காகவோ சாலை, பாலத்தின் தன்மை காரணமாகவோ குறிப்பிட்ட ரோட்டில் வண்டிகளைத் தடுக்க மாநில அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்படாத தடை என்றால் அரசிதழில் போட வேண்டிய அவசியம்கூட இல்லை, உள்ளூரில் விளம்பரப்படுத்தினால் போதும். செய்ய முடியும் என்பதற்கு திம்பமே சாட்சி. 27 கொண்டை ஊசி வளைவுள்ள அந்தப் பாதையில் 2022 பிப்ரவரியிலிருந்து சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சரக்கு வண்டிகளுக்கு மாலை 6 முதல் காலை 6 வரை தடை, 16.2 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு எப்போதுமே அனுமதி இல்லை. அது சத்தியமங்கலம் காட்டு விலங்குகளுக்காக வந்த தடைதான், வானிலைக்காக வந்ததில்லை. ஆனாலும் பண்ணாரியில் கேட் போட்டு, எடை பார்த்து, நேரம் பார்த்து வண்டியை நிறுத்த முடியும் என்பது அதில் தெரிந்துவிட்டது.

பென்சில்வேனியா மாநிலத்தில் பனிக்காலத்துக்கு இதைப் படிப்படியாக வைத்திருக்கிறார்கள், ஐந்து படி. முதல் படியில் தடுக்கப்படுவது காலி டிரெய்லரும் லேசான லோடு உள்ள டிரெய்லரும், காற்றிலும் வழுக்கலிலும் அவைதான் முதலில் ஆட்டம் காணும் என்பதால். நான்காம் படியில் வணிக வண்டி எதுவும் ஓடக்கூடாது, ஐந்தாம் படியில் எல்லா வண்டியும் நிற்க வேண்டும். டிரைவரின் வருடத்தைக் கேட்காமல் வண்டியின் எடையையும் வகையையும் கேட்கிற அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ரோட்டில் நிற்கிற காவலர் கண்ணால் பார்த்தே முடிவு செய்துவிடலாம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்றில் காலி கன்டெய்னர் ஓட்டியவரைக் கேட்டால் முதல் படி ஏன் அப்படி வைத்தார்கள் என்று சொல்வார்.

வெள்ளத்துக்கும் புயலுக்கும் இந்த வழியை விட்டால் வேறு வழியே இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின் மழையில் ஊத்தங்கரையில் ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேன்களையே தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. அந்த மாதிரி நாளில் 30 வருட டிரைவரும் முந்தாநாள் லைசென்ஸ் வாங்கியவரும் ஒன்றுதான்.

ஆனால் இந்த வழியிலும் ஓட்டை இருக்கிறது. எதை வைத்து மூடுவது? வானிலை மையத்தின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை மாவட்டம் முழுவதற்கும் பொதுவாக வருவது. 20.4 சென்டிமீட்டருக்கு மேல் மழை என்றால் அதி கனமழை என்பது அவர்கள் கணக்கு, காட் ரோட்டுக்கு அதில் கால்வாசி போதும், மூட்டத்துக்கு ஒரு சொட்டு மழைகூட வேண்டாம். ஈரோடு மாவட்டத்துக்கு எச்சரிக்கை எதுவும் இல்லாத நாளில் திம்பம் உச்சியில் பத்தடி தள்ளி எதுவும் தெரியாமல் இருக்கும். அதனால் ஒவ்வொரு மலைப்பாதையிலும் மேலும் நடுவிலும் கேமராவும் மழைமானியும் வேண்டும், 50 மீட்டர் தூரத்தில் இருக்கும் கம்பம் தெரியவில்லை என்றால் லாரிக்கு கேட் என்று கண்ணால் பார்த்து முடிவெடுக்கிற அளவுகோல் வேண்டும்.

நேரம் குறித்து மூடினால் இன்னொரு தொல்லை, மேலே போனில் கேட்ட அதே தொல்லை. கேட் விழுவதற்குள் ஏறிவிட வேண்டும் என்று மாலையில் எல்லோரும் ஒன்றாக முட்டிக்கொள்வார்கள், மலையில் மழை பிடிக்கிற நேரமும் அதுதான். தாளவாடி விவசாயி முட்டைக்கோஸையும் தக்காளியையும் ஏற்றிவிட்டு, அது மறுநாள் சந்தைக்குப் போகாவிட்டால் பாதி விலைக்கும் போகாது என்று தவிப்பார், தடை வந்தபோது அந்தப் பக்கத்து மக்கள் போராடியதில் நியாயம் இருந்தது.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி, நிறுத்திய வண்டியை எங்கே நிறுத்துவது? இதைப் பற்றி விதி போடுகிறவர்கள் யோசிப்பதே இல்லை. கேட்டை மூடிவிட்டால் அடிவாரத்தில் ரோட்டோரம் லாரிகள் வரிசையாக நிற்கும். மழை, இருட்டு, பார்க்கிங் லைட் போட்டால் பேட்டரி இறங்கும் என்று அதையும் அணைத்திருப்பார்கள், பின்னால் முக்கோண ரிஃப்ளெக்டர் இருக்காது, இரண்டு கல் வைத்து ஒரு இலைக்கொத்தைச் சொருகியிருப்பார்கள். அந்த லாரியின் பின்னால் ஒரு கார் வந்து சொருகினால் மலைமேல் தடுத்த சாவு அடிவாரத்தில் நடக்கும். மூடுவது என்றால் முதலில் பேட்டை வேண்டும், தளம் போட்ட இடம், விளக்கு, கழிப்பறை, ஒரு டீக்கடை, குளிக்கத் தண்ணீர்.

நான்காவது வழி, மலைப்பாதைக்குத் தனிப் பதிவு. இதைப் பற்றித் தமிழ்நாட்டில் அதிகம் பேசுவதில்லை, எனக்கு இதில்தான் நம்பிக்கை. உத்தராகண்டில் மலைப்பாதையில் வணிக வண்டி ஓட்டுபவரின் லைசென்ஸில் மலைப்பாதைத் தகுதி என்று தனியாகப் பதிந்திருக்க வேண்டும், சார்தாம் யாத்திரைக்குப் போகும் வாடகை வண்டி டிரைவர்களிடம் அதைக் கேட்பார்கள். நமக்கும் இந்த யோசனை புதிதில்லை. பெட்ரோல், கேஸ், ஆசிட் டேங்கர் ஓட்டுபவர் கனரக லைசென்ஸ் மட்டும் வைத்திருந்தால் போதாது, மத்திய மோட்டார் வாகன விதிகளின் 9-வது விதிப்படி மூன்று நாள் தனிப் பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிய வேண்டும். சரக்கு ஆபத்தானது என்றால் தனிப் பயிற்சி வேண்டும் என்று ஒத்துக்கொண்ட நாம், பாதை ஆபத்தானது என்றால் ஏன் கேட்கக்கூடாது?

வருடக்கணக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இதில் 21 வயதுக்காரர் உழைத்துத் தகுதியை வாங்கிவிடலாம், 50 வயதுக்காரரும் நியூட்ரல் பழக்கத்தை விட்டால்தான் வாங்க முடியும். பயிற்சி முழு லோடு வண்டியில், உண்மையான காட் ரோட்டில், ஒரு முறையாவது ஈரத்தில் நடக்க வேண்டும். இறக்கத்தில் பிரேக் டிரம் சூட்டை அளந்து காட்டினாலே போதும், யார் கியரில் இறக்கினார், யார் காலில் இறக்கினார் என்று தெரிந்துவிடும். சொல்லிக் கொடுக்க இடமும் இருக்கிறது, நாமக்கல்லில் அசோக் லேலண்ட் பயிற்சி நிலையம் பல வருடமாக நடக்கிறது, கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பள்ளி இருக்கிறது. சோதிப்பதும் கஷ்டம் இல்லை, 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் பார்க்கிற செக்போஸ்ட்டிலேயே லைசென்ஸையும் பார்க்கலாம்.

இதன் குறை எனக்குத் தெரியும். புரோக்கர் நுழைந்துவிட்டால் இந்தப் பதிவும் காசுக்குக் கிடைக்கும் காகிதமாகிவிடும். பயிற்சிக்குப் போகும் நாட்களில் கூலி யார் தருவது என்ற கேள்வியும் வரும். வெளிமாநில டிரைவர் அந்தப் பதிவு இல்லாமல் வந்து நின்றால் அடிவாரத்தில் உள்ளூர் டிரைவரை மாற்றி ஏற்றி அனுப்புகிற ஏற்பாடு வேண்டும், அதற்கு இன்ஷூரன்ஸ் ஒத்துக்கொள்ள வேண்டும். லேசான வேலை இல்லைதான்.

என்னைக் கேட்டால் மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்து வர வேண்டும், இரண்டாவதை விட்டுவிடலாம். பார்வையோ பிடிமானமோ ஒரு அளவுக்குக் கீழே போனால் எல்லா லாரிக்கும் கேட், முதலில் காலி வண்டிக்கும் டிரெய்லருக்கும், அப்புறம் மற்றவைக்கும். கேட் திறந்திருக்கிற சாதாரண மழைநாளில் மலைப்பாதைப் பதிவு உள்ளவர் ஓட்டலாம், பதிவு இல்லாதவர் பதிவு உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டலாம். அந்தப் பக்கத்து சீட்டை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம், அது பழைய கிளீனர் சீட்டைத் திரும்பக் கொண்டுவரும்.

இதோடு ஒன்று சேராவிட்டால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. கேட்டில் நின்ற நேரத்துக்கு யார் காசு கொடுப்பது என்பது சரக்கு ஏற்றும்போது கொடுக்கிற எல்ஆர் (லாரி ரசீது) தாளிலேயே அச்சாக வேண்டும். இறக்குமிடத்தில் வண்டி காத்து நின்றால் ஹால்டிங், அதாவது காத்திருப்புக் கட்டணம், கேட்கிறோம், அதற்கே சண்டை போட்டுத்தான் வாங்குகிறோம். வானிலைக்காக நின்றால் அதைக் கேட்கும் வழக்கமே இல்லை, "மழைக்கு நான் என்ன பண்ணுவேன்" என்று சரக்குக்காரர் சொல்லிவிடுவார். மழைக்கு டிரைவர் மட்டும் என்ன செய்வார்? கேட் மூடிய நேரம் செக்போஸ்ட்டில் பதிவாகிறது, அந்த நேரத்துக்கு வண்டிக்கு ஹால்டிங், டிரைவருக்குப் படி, இரண்டையும் சரக்கு அனுப்புகிறவர் கொடுக்க வேண்டும், தாமத அபராதம் பிடிக்கக்கூடாது. இந்த ஒரு வரி ரசீதில் இருந்தால் போனில் "ஏறிடு" என்று சொல்கிற குரல் தானாகவே "நில்லு" என்று மாறும். நான் உட்கார்ந்திருக்கிற நாற்காலியிலிருந்து பார்க்கும்போது இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அரசாங்கம் செய்கிறவரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் வண்டி முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. புதிய டிரைவரின் முதல் சில மழை டிரிப்புகளுக்கு இன்னொரு டிரைவரைச் சேர்த்து அனுப்புங்கள், ஒரு ஆளின் படி கூடுதலாகும், வண்டி கவிழ்ந்தால் ஆகிற செலவுக்கு அது பக்கத்தில்கூட வராது. டீசல் மிச்சத்துக்குக் காசு கொடுக்கிற வழக்கம் இருந்தால் காட் ரோட்டு டிரிப்பில் அதை எடுத்துவிட்டு நிலையான படியாகக் கொடுங்கள், நியூட்ரலுக்கு ஆசையே வராது. ஐப்பசிக்கு முன்னால் வைப்பர் ரப்பரை மாற்றுங்கள், முன் சக்கரத்தில் பட்டன் தேய்ந்த டயரை ஓட்டாதீர்கள், கேபினில் இரண்டு ரிஃப்ளெக்டர் முக்கோணம் இருக்கட்டும். வண்டி அடிவாரத்தில் நிற்கும்போது டிரைவர் கூப்பிட்டு மேலே மூட்டம் என்று சொன்னால், எத்தனை மணிக்கு வந்து சேருவாய் என்று கேட்க வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் படுக்கச் சொல்லிவிட்டு, சரக்குக்காரருக்கு நீங்களே போன் செய்து சொல்லுங்கள்.